எதைச் சூளையில் வைப்பது?



1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓர் அமெரிக்கப் பெண் ஹாலந்துக்குப் போனார். ஓமன் என்ற ஊரில் இந்தியச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி பேசிவந்த காலம் அது. அந்தப் பேச்சைக் கேட்கத்தான் பயணம். போன இடத்தில், ஒரு பழம்பொருள் கடையில் உலோகம் போல மின்னும் பூச்சுடைய தட்டுகளைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கினார். ஊர் திரும்பியதும் அந்தத் தட்டுகளுக்கு இணையாக ஒரு தேநீர்க் கெண்டி வேண்டும் என்று தேடினார். எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. நாமே ஒன்று செய்துகொள்ளலாமே என்று 1933இல் ஹாலிவுட் உயர்நிலைப் பள்ளியில் பெரியவர்களுக்காக நடந்த மண்பாண்ட வகுப்பில் சேர்ந்தார். அப்போது வயது 40. பெயர் பியாட்ரிஸ் உட்.

ஒரே ஒரு கெண்டிக்காகத் தொட்ட களிமண்ணை அவர் அதன் பிறகு விடவே இல்லை. 1948இல் கிருஷ்ணமூர்த்தி வசித்த ஓஹாய் பள்ளத்தாக்கிலேயே குடியேறினார். 1961இல் தம் பாண்டங்களோடு இந்தியாவுக்கு வந்து பல நகரங்களில் காட்சிக்கு வைத்தார். சேலை அவருடைய அன்றாட உடையாகிவிட்டது. நூறு வயதைத் தாண்டியும் மண்ணில் கைவைத்தவர், 1998 மார்ச்சில், 105ஆவது பிறந்தநாள் முடிந்த ஒன்பதாம் நாள் காலமானார். ‘டைட்டானிக்’ படத்தில் வரும் மூதாட்டி ரோஸின் பாத்திரத்தை வடிக்க இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் இவரையும் மனத்தில் கொண்டிருந்தார்.

இந்தப் புகழெல்லாம் பின்னால் வந்தது. இன்றைய பேச்சுக்கு வேண்டியவர், 1933இல் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த நாற்பது வயதுக்காரர். அந்தப் பள்ளியிலேயே ஆர்வம் மிகுந்த மாணவியும் தாம்தான், திறமை குறைந்த மாணவியும் தாம்தான் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிழைப்புக்காக இல்லாமல், பரம்பரைத் தொழிலாகவும் இல்லாமல், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில் வனைகிறவர்கள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள். சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் அவர்கள் எண்ணிக்கை கூடிவருகிறது. அவர்களுடைய அன்றாடம் எப்படி இருக்கிறது, அதில் படைப்பு என்பது சரியாக எந்த இடத்தில் நிகழ்கிறது என்பதைப் பார்ப்போம்.

சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் சக்கரம் வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வாரநாளில் அலுவலகம். சனிக்கிழமை காலை களிமண்ணைப் பிசைகிறார். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் சுவர் எழும்பும்போது கையைத் தட்டிவிடும். அதனால் பிசைவதில் அவசரம் கூடாது. ஒரு கோப்பைக்கு ஏறக்குறைய 400 கிராம் மண். அதைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்துவதுதான் புதியவர்களுக்கு முதல் மலை. கை வலிமையால் அது வராது. முழங்கையைத் தொடையில் ஊன்றி, உடம்பையே அசையாமல் வைத்துக்கொள்ளப் பழகிய பிறகு ஒருநாள் மண் தானாக நடுவுக்கு வந்து அடங்கும். பிறகு கட்டைவிரலால் குழி திறந்து, உள்விரலும் வெளிவிரலும் சேர்த்துச் சுவரை மேலே இழுக்கிறார். பார்க்கிறவர்கள் கண்கொட்டாமல் பார்ப்பது இந்தச் சில நிமிடங்களைத்தான். திரைப்படங்கள் காட்டுவதும் இதைத்தான்.

ஆனால் சக்கரத்தின் முன்னால் கழியும் நேரம் மொத்த வேலையில் சிறு பங்குதான். பெரும்பங்கு காத்திருப்பில் போகிறது.

வனைந்த கோப்பையின் அடியைச் சீவுவதற்கு ஒரு பதம் உண்டு. நகம் வைத்தால் பதிய வேண்டும், விரல் வைத்து அழுத்தினால் நெளியக் கூடாது. கைப்பிடி ஒட்டுவதற்கும் அதே பதம்தான். அந்தப் பதம் எப்போது வரும் என்பதை வெயிலும் காற்றும் முடிவு செய்கின்றன. கத்திரி வெயிலில் சனிக்கிழமை வனைந்ததை ஞாயிறு காலைக்குள் சீவியாக வேண்டும். மதியம் ஆனால் மண் இறுகிக் கத்தி வழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செவ்வாய்க்கிழமை ஆனாலும் கோப்பை சொதசொதவென்றே இருக்கும். ஆகவே அலுவலகம் கிளம்பும் முன் பிளாஸ்டிக் உறையைத் தூக்கி விளிம்பைத் தொட்டுப் பார்ப்பதும், இரவு வந்ததும் உறையைக் கொஞ்சம் தளர்த்துவதும் இறுக்குவதும் அவருடைய நாளின் பகுதிகளாகிவிடுகின்றன. விளிம்பு சீக்கிரம் காயும், அடி மெதுவாகக் காயும். இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரக் கோப்பையைக் கவிழ்த்து வைக்கிறார். கோப்பை காய்ந்தும் கைப்பிடி ஈரமாகவும் இருக்கும்போது ஒட்டினால், சுருங்கும் அளவு வேறுபட்டு ஒட்டிய இடத்தில் கீறல் விழும். ஒட்டும் முன் இரண்டு பக்கமும் கீறி, களிமண் குழம்பு தடவி அழுத்துவது ஒட்டு உறுதியாகப் பிடிக்கவே.

கைத்தொழிலில் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும்: பொருள் தன் நேரத்தைத் தானே வைத்திருக்கிறது. கைப்பேசியில் எல்லாம் உடனுக்குடன் நடந்துவிடும் காலத்தில், ஒரு கோப்பைக்கு மூன்று நாள் கழித்து வா என்று மண் சொல்கிறது. அதற்குக் கட்டுப்படுவதில் பலர் காணும் நிம்மதி பொய்யில்லை.

இப்போது இந்தப் பேச்சின் மையத்துக்கு வருவோம். காய்ந்த கோப்பை இன்னும் மண்தான். தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். கரைந்ததை வடிகட்டி, பாரிஸ் சாந்துப் பலகையில் பரப்பி ஈரத்தை உறிஞ்ச விட்டு, மறுபடி பிசைந்தால் புது மண். சூளைக்குள் போனதும் கதை மாறுகிறது. 100 டிகிரி செல்சியஸை ஒட்டி மிச்ச ஈரம் ஆவியாகிறது. கோப்பை சரியாகக் காயாமல் இருந்தால் அந்த ஆவியே அதை வெடிக்கவைக்கும். ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல், களிமண்ணின் வேதியமைப்பில் பிணைந்திருந்த நீரும் வெளியேறத் தொடங்குகிறது. 573 டிகிரியில் குவார்ட்ஸ் துகள்கள் படிக அமைப்பு மாறிச் சட்டென்று விரிகின்றன. அந்தக் கட்டத்தை மெதுவாகக் கடக்காவிட்டால் பாண்டம் கீறும். 600 டிகிரியைத் தாண்டிய பிறகு அது மண்ணுக்குத் திரும்பாது. எத்தனை ஆண்டு நீரில் ஊறினாலும் திரும்பாது. கீழடியில் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் புதைந்துகிடந்த ஓடுகளில் ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று யாரோ கீறிவைத்த பெயர்களை இன்று நாம் படிக்க முடிவது இந்த வேதியியலால்தான்.

அப்படியானால் சூளைக்கு முன் நிற்கிறவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அலமாரியில் பத்துக் கோப்பைகள் காய்ந்து நிற்கின்றன. இவற்றில் எது உலகத்தில் நிலைத்து இருக்கத் தகுந்தது? எதை வாளித் தண்ணீரில் போட்டுக் கரைப்பது?

பொழுதுபோக்காக வனைகிறவரின் படைப்பு வாழ்க்கை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது இந்தப் பேச்சின் கருத்து. தொடங்கிய மாதங்களில் எல்லோரும் எல்லாவற்றையும் சுடுகிறார்கள். அது இயல்பு, தன் கையால் எழுந்த முதல் கிண்ணத்தை யாருக்கு அழிக்க மனம் வரும்? ஆனால் சாய்ந்த கிண்ணமும், அடி கனத்த குவளையும், மூடி பொருந்தாத சாடியும் வீடு நிறையச் சேர்ந்த பிறகு கண் திறக்கிறது. நல்ல ஆசிரியர்கள் இதை முன்கூட்டியே கற்பிக்கிறார்கள். அப்போதுதான் வனைந்து முடித்த ஈரப் பாண்டத்தை மாணவரின் கண்முன்னால் கம்பியால் நெடுக இரண்டாக அறுத்துக் காட்டுவார்கள். சுவர் எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது, அடியில் எவ்வளவு மண் வீணாய்த் தங்கியிருக்கிறது என்பது அந்த வெட்டில் தெரியும். மாணவருக்கு முதலில் நெஞ்சு பதறும். பிறகு அவரே அறுக்கத் தொடங்குவார்.

விற்றுப் பிழைக்கும் குயவருக்கு இந்தச் சுதந்திரம் குறைவு. வனைந்த ஒவ்வொன்றும் அவருக்குக் காசு. ஆள் கூலியும் விறகும் வண்டி வாடகையும் அதிலிருந்துதான் வர வேண்டும். பொழுதுபோக்குக் குயவருக்கு யாரும் ஆர்டர் தரவில்லை, யாரும் காத்திருக்கவில்லை. பத்தில் எட்டைக் கரைத்தாலும் அவர் வீட்டில் அடுப்பெரியும். இந்த வசதியை அவர் பயன்படுத்தாமல் விட்டால், கையில் கிடைத்த பெரிய வாய்ப்பை வீணாக்குகிறார் என்றே சொல்ல வேண்டும்.

அந்தச் சுதந்திரத்துக்கு ஈடாக அவருக்கு ஒன்று குறைகிறது: திரும்பத் திரும்பச் செய்யும் கட்டாயம். ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச்சின் வாழ்க்கை இதைப் புரிந்துகொள்ள உதவும். ஹாங்காங்கில் 1887இல் பிறந்த லீச், செப்புத்தகட்டில் ஓவியம் செதுக்கும் கலையைக் கற்பிக்க ஜப்பானுக்குப் போனவர். 1911இல் டோக்கியோவில் நண்பர்கள் கூடிய ஒரு விருந்தில் ராகு என்ற ஜப்பானிய முறைப் பாண்டங்களை வைத்திருந்தார்கள். விருந்தினர் பாண்டத்தின் மேல் படம் வரைந்து தந்தால் அங்கேயே சிறு சூளையில் சுட்டுத் தருவார்கள். தாம் வரைந்த தட்டு நெருப்பிலிருந்து சிவக்கச் சிவக்க வெளியே வருவதைப் பார்த்ததும் லீச் தம் வழியை மாற்றிக்கொண்டார். ஆறாம் கென்சான் என்ற குயவரிடம் மாணவராகச் சேர்ந்தார். 1920இல் ஜப்பானியக் குயவர் ஷோஜி ஹமாடாவோடு இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் சூளை கட்டினார். 1940இல் வெளிவந்த அவருடைய ‘எ பாட்டர்ஸ் புக்’ என்ற நூலை வைத்துக்கொண்டு வீட்டுக் கொட்டகையில் சூளை கட்டியவர்கள் உலகம் முழுக்க உண்டு.

அந்த விருந்தில் லீச் ஒரு பொழுதுபோக்காளர்தான். செயின்ட் ஐவ்ஸ் கூடத்தில் அவர் வேறு ஆள். அங்கே பயிற்சி பெறுகிறவர்கள் ஒரே வகைக் கோப்பையை, ஒரே அளவில், நாள்தோறும் வரிசை வரிசையாக வனைய வேண்டும். அமெரிக்காவிலிருந்து 1949இல் அங்கே போய்ப் பயின்ற வாரன் மெக்கென்சி, பின்பு மினசோட்டா மாநிலத்தில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் சாப்பாட்டு மேசைக்கான பாண்டங்களையே வனைந்தார். விலையைக் குறைவாக வைத்தார். அவருடைய விற்பனை அறையில் நெடுங்காலம் காவலுக்கு ஆள் இருந்ததில்லை. எடுத்துக்கொள்கிறவர் பணத்தை வைத்துவிட்டுப் போவார். ஒரே வடிவத்தை ஆயிரம் முறை செய்தவரின் கையில் மட்டுமே வரும் எளிமை அந்தக் கிண்ணங்களில் இருந்தது.

எனவே பால்கனிக் குயவர் ஒரு கட்டுப்பாட்டைத் தாமே விதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த மாதம் முழுக்க ஒரே கோப்பை. ஒரே எடை மண், ஒரே உயரம், ஒரே வாயகலம். இன்று பூச்சாடி, நாளை யானை பொம்மை, மறுநாள் விளக்கு என்று தாவுகிறவருக்கு எதை வைத்திருப்பது, எதைக் கரைப்பது என்ற கண் வராது. ஒப்பிட ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று வேண்டுமே. பத்து ஒரே மாதிரிக் கோப்பைகள் வரிசையாக நின்றால், அவற்றில் இரண்டு மட்டும் உயிரோடு இருப்பதைக் குழந்தைகூடக் காட்டிவிடும்.

சூளையைப் பற்றிக் கொஞ்சம். வீட்டில் சொந்தச் சூளை வைத்திருப்பவர்கள் குறைவு. பெரிய மின்சூளைக்கு மும்முனை மின் இணைப்பு வேண்டும். பெரும்பாலோர் காய்ந்த பாண்டங்களைச் செய்தித்தாளிலும் பழைய துண்டிலும் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டோவில் ஏதேனும் ஒரு கூடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். வேகத்தடை ஒவ்வொன்றும் ஒரு சோதனை. ஏறத்தாழ 1000 டிகிரியில் முதல் சூடு. அதற்குப் பிறகு கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு. அடிப்படையில் அது மணலும் களிமண்ணும், அவற்றை உருகவைக்கும் ஒரு பொருளும் சேர்ந்த கலவை. மரச்சாம்பலே உருகவைக்கும் பொருளாகப் பயன்படும். சூளைக்கு முன் தெரியும் நிறத்தை நம்பவே முடியாது. கறுப்பாய் இருக்கும் கோபால்ட் ஆக்சைடு நீலமாகிறது. இரும்பு ஆக்சைடு ஒரு விழுக்காடு சேர்ந்தால், காற்று குறைந்த சூளையில் வெளிர்பச்சை. பத்து விழுக்காடு ஆனால் கருமை. செம்பு, காற்றோட்டமுள்ள சூளையில் பச்சை, காற்று குறைந்ததில் குருதிச் சிவப்பு. எந்தப் பாண்டத்தில் எந்தக் கலவை, எத்தனை முறை முக்கியது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதாதவர் அழகாக வந்த ஒரு நிறத்தை வாழ்நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார்.

இரண்டாம் சூடு 1200 டிகிரிக்கு மேல். சூளைக்குள் எவ்வளவு வெந்தது என்பதை அளக்கக் கோன் என்ற சிறு கூம்புகளை வைக்கிறார்கள். பெர்லினில் ஹெர்மன் சேகர் 1886இல் அறிமுகப்படுத்திய முறை இது. குறித்த அளவு வெப்பம் ஏறியதும் கூம்பு தலைகவிழும். சூளை 100 டிகிரிக்குக் கீழே ஆறும் வரை திறக்கக் கூடாது என்பது விதி. அந்த இரவு தூங்காதவர்கள் பலர்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். காய்ந்த களிமண் தூளில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். வேலை செய்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பாட்டுப் பாண்டத்துக்கு ஈயம் கலந்த பூச்சு வேண்டவே வேண்டாம்.

சுட்டு வந்த கோப்பைக்கு இறுதித் தீர்ப்பு சமையலறையில். பச்சை மண்ணிலிருந்து இரண்டாம் சூடு வரைக்கும் பத்து முதல் பதின்மூன்று விழுக்காடு வரை மண் சுருங்கும். அதை மறந்தவரின் காபிக் குவளை மருந்துக் குப்பி அளவுக்கு வந்து நிற்கும். விளிம்பு உதட்டுக்கு இதமாக இருக்கிறதா? சூடான காபியோடு தூக்கும்போது விரல்கணு கோப்பையில் படுகிறதா? கெண்டி மூக்கு ஊற்றி நிறுத்தியதும் சொட்டுகிறதா? அடி மேசையைக் கீறுகிறதா? வீட்டில் இருப்பவர்கள் காலையில் கை நீட்டி எந்தக் குவளையை எடுக்கிறார்கள் என்று ஒரு மாதம் கவனித்தால் போதும். எந்த ஆசிரியரும் அதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

தண்ணீர்ப் பானை விஷயத்தில் புதியவர்கள் ஏமாறுவதுண்டு. 1200 டிகிரியில் சுட்ட ஸ்டோன்வேர் சாடி நீரைக் குளிரவைக்காது. அதன் உடல் இறுகிக் கல்லாகிவிட்டது. நம் ஊர்க் குயவர் வைக்கோலும் மட்டையும் விறகும் போட்டுக் குறைந்த வெப்பத்தில் சுடும் பானையில் நுண்துளைகள் திறந்தே இருக்கும். நீர் கசிந்து ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அந்தப் பானையின் உருண்டை அடியும் பெரிய வித்தை. சக்கரத்தில் அடியில்லாமல் எழுப்பி, அறுத்தெடுத்து, உள்ளே கல்லும் வெளியே பலகையும் வைத்துத் தட்டித் தட்டியே அடியை மூடுகிறார்கள். நகரத்துக் கூடங்களில் இதைக் கற்பவர் அரிது.

நம் பக்கத்தில் ஸ்டோன்வேர் பரவியதற்குப் பெரிய காரணம் புதுச்சேரி. 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரு அமெரிக்கர்கள் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். சவுக்கு விறகில் சூளை எரித்தார்கள். அங்கே பயின்றவர்கள் நாடு முழுக்கக் கூடங்கள் அமைத்து, அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். இன்று சனிக்கிழமை வகுப்புக்குப் போகும் பலருடைய கைவழக்கத்தைத் தேடிப்போனால் அது புதுச்சேரியில் போய் நிற்கும்.

அந்த வகுப்புகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இதை மகிழ்ச்சியோடு சொல்லும் அதே நேரத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இந்தியாவின் பல குயவர் சமூகங்களில் பெண்கள் சக்கரத்தைத் தொடக் கூடாது என்ற கட்டு இருந்துவந்திருக்கிறது. மண் மிதிப்பது, மணல் கலப்பது, தட்டி வடிவமாக்குவது, மெருகிடுவது, சுமந்து விற்பது ஆகிய வேலைகளைப் பெண்கள் செய்வார்கள். சக்கரம் மட்டும் ஆணுக்கு. பெண்களுக்குத் திறமை போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மணிப்பூரின் ஆன்ட்ரோ கிராமத்தில் பெண்களே சக்கரமில்லாமல் கையாலேயே பானைகளை உருவாக்குகிறார்கள். மானாமதுரையில் கடத்தின் சுவரைத் தட்டித் தட்டி, கனத்தைச் சீராக்கி, நாதம் வரவழைக்கும் வித்தைக்காக மீனாட்சி கேசவன் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றார். கச்சேரி மேடையில் கேட்கும் அந்த ஒலிக்குள் ஒரு பெண்ணின் கை இருக்கிறது.

பணம் கட்டிச் சேர்ந்த ஒரு நகரத்துப் பெண் முதல் நாளே சக்கரத்தில் உட்காருகிறார். குயவர்கள் வாழும் வேளார் தெருவில் பிறந்த பெண்ணுக்கு அது எளிதாகக் கிடைக்கவில்லை. பொழுதுபோக்குக் குயவர் பத்தில் எட்டைக் கரைக்கலாம். பரம்பரைக் குயவர் மார்கழி மழைக்கும் பொங்கல் விற்பனைக்கும் நடுவில் ஒரு பானையைக்கூட இழக்க முடியாது. மழை பெய்தால் அவருடைய தொழில் நின்றுபோகிறது என்பதற்காகவே தமிழ்நாடு அரசு மழைக்கால நிவாரணம் தருகிறது. ஒரே மண்ணைத் தொடும் இந்த இருவரும் ஒருவரை ஒருவர் சந்திப்பது அரிது. சந்தித்தால் இருவருக்கும் நன்மை. உருண்டை அடியைத் தட்டி மூடும் வித்தை ஒருவரிடம் இருக்கிறது. கிளேஸும் உயர்வெப்பச் சூளையும் சோதனை செய்து பார்க்கும் ஓய்வும் மற்றவரிடம் இருக்கின்றன.

ஆகவே இந்த அவையிலும் வெளியிலும் இருக்கும் கூடம் நடத்துகிறவர்களுக்கும், வகுப்புக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு முறையாவது அருகிலுள்ள ஊரின் குயவர் ஒருவரை ஆசிரியராக அழையுங்கள். மற்ற ஆசிரியர்களுக்குத் தரும் அதே ஊதியத்தைக் கொடுங்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் குயவர் குடும்பத்துப் பெண்கள் இருவருக்குக் கட்டணமில்லாமல் இடம் ஒதுக்குங்கள். அவர்களைச் சக்கரத்தின் முன்னால் உட்கார வையுங்கள்.